மணல் குடித்த தண்ணீர்

தங்கச்சிமடத்தில் கிணறு இறக்குவது பெரிய வேலையே இல்லை. காலையில் ஆள் வந்தால் பொழுது சாய்வதற்குள் தண்ணீரைப் பார்த்துவிடலாம். தோண்டத் தோண்ட மணல் சரியும் என்பதால் சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். உள்ளே ஒருவர் நின்று மணலை அள்ளி வெளியே தள்ளத் தள்ள, உறை தன் கனத்திலேயே இறங்கும். பத்தடிக்குள் ஊற்று கண் திறந்துவிடும். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ராமநாதபுரம் சீமையே ஊருணியையும் கண்மாயையும் நம்பி வானத்தைப் பார்த்துக் கிடக்க, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த எங்கள் தீவில் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீர் இருந்தது. சிறு வயதில் எனக்கு அது பெரிய பெருமை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது படித்து, பாடம் நடத்தத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழை ஓடாமல் மணலுக்குள் இறங்குகிறது. அடியில் கடலின் உப்புநீர். மழைநீர் அதைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓரடி வற்றினால் கீழேயிருந்து 40 அடி உப்பு ஏறும் என்பதும் அதே கணக்குதான். தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பெண்கள் மணலைக் கையால் பறித்துச் சிரட்டையில் குடிதண்ணீர் மொள்வதும், ராமநாதசுவாமி கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்கள் ஊறுவதும் இந்த மழைத் தண்ணீரால்தான். எங்கள் தீவுக்கு ஆறு இல்லை, அணை இல்லை. மணலுக்குள் இருக்கும் இந்த ஒரு தண்ணீர்தான் எல்லாம்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் மல்லிகைப் பதியன் போட்டிருந்தோம். பூவை விற்க வளர்க்கும் தோட்டமில்லை அது. கன்றை விற்க வளர்ப்பது. மல்லிகைத் தண்டை நறுக்கி மணல் பாத்தியில் நெருக்கமாக ஊன்றி, தினமும் தண்ணீர் தெளித்து வந்தால் வேர் இறங்கும். இறுகாத மணல் என்பதால் வேர் அறுபடாமல் கன்றைப் பிடுங்கலாம். கட்டுக்கட்டாகக் கட்டி வெளியூருக்கு அனுப்புவோம். மதுரை மல்லி என்று பேர் வாங்கும் செடிகளில் பலவற்றுக்கு எங்கள் மணல்தான் தாய்வீடு. ஆகவே எங்கள் வீட்டில் தண்ணீருக்கு எப்போதும் வேலை இருந்தது.

அந்தத் தண்ணீரை ஆண்டவள் என் அப்பத்தா. குளித்த தண்ணீர் தென்னைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, அரிசி களைந்த தண்ணீர் ஆட்டுக்கு. துவைக்கும் கல்லைக் கிணற்றிலிருந்து தள்ளி, வேலியோரம் போட்டிருந்தாள். கிணற்றடியில் யாராவது சோப்புக் கட்டியோடு போனால் போதும். “ஏத்தா, இங்கன நுரையப் போட்டியன்னா நாளைக்கு அதத்தான் குடிப்ப, பாத்துக்க” என்பாள். ஆட்டுத் தொழுவம் கிணற்றின் பக்கம் வரக் கூடாது, குழந்தைகளின் பீத்துணியைக் கிணற்றடியில் அலசக் கூடாது என்று அவளிடம் சட்டங்கள் நிறைய இருந்தன. பள்ளிக்கூடம் போகாதவள். மணலில் ஊற்றியது மணலோடு போய்விடாது, சுற்றிக் கிணற்றுக்குத்தான் வரும் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

இதைச் சொல்லும்போது அந்தக் காலம் சொர்க்கமாக இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வீட்டில் கக்கூஸ் கிடையாது. பெண்கள் எல்லாரும் உடங்காட்டுக்குத்தான் போனோம். தீவில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரங்களின் மறைவுதான் எங்களுக்கு இருந்த ஒரே கதவு. விடியுமுன் போக வேண்டும். தப்பினால் இருட்டும்வரை அடக்க வேண்டும். என் அம்மா பகலில் தாகமெடுத்தாலும் தண்ணீர் குடிக்க மாட்டாள். கல்யாணம், காது குத்து என்று வெளியூர் போனால் முதல் நாளே சோற்றைக் குறைத்துவிடுவாள். நீர்க்கடுப்பு எங்கள் தெருப் பெண்களுக்குத் தீராத நோவு. மழைக்காலத்தில் காட்டில் பூச்சி பொட்டு, முள், சகதி. பிள்ளை பெற்ற ஈர உடம்போடும் போய்த்தான் ஆக வேண்டும். கக்கூஸ் எங்கள் ஊருக்கு வந்ததைக் குறையாகச் சொல்ல எனக்கு நாக்கு வராது. பெண்களுக்கு அது பெரிய விடுதலை.

என் அக்கா ஆளான பிறகு அப்பா கக்கூஸ் கட்டினார். கொத்தனார் வண்டியில் இறக்கியவை கிணற்றுக்கு இறக்கும் அதே சிமென்ட் உறைகள். கொல்லையின் மறுமூலையில் குழி பறித்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அடியில தளம் போடலையாண்ணே?”

“தளம் போட்டா ரெண்டு வருசத்துக்கு ஒருக்க நெறைஞ்சு போகும் தங்கச்சி. இது நம்ம மண்ணு. எல்லாத்தையும் குடிச்சிரும்.”

அவர் சொன்னது நடந்தது. அந்தக் குழி நிறையவே இல்லை. தெருவில் அடுத்தடுத்து வீடுகள் கட்டியபோது எங்கள் குழியைத்தான் உதாரணம் காட்டினார்கள். எங்கள் கடற்கரையில் நிறையாத செப்டிக் டேங்குக்குத்தான் நல்ல செப்டிக் டேங்க் என்று பேர். அது தொட்டியே இல்லை, அடியில்லாத குழி என்பதை யாரும் யோசிக்கவில்லை. முறையான செப்டிக் டேங்க் நாலு பக்கமும் அடியும் பூசி அடைத்தது. வரும் கழிவில் கனமானது அடியில் படியும், கொழுப்பும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் அடுத்த அறைக்குப் போகும். படிந்ததைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மிச்சத்தை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். வெளியேறும் தண்ணீரும் சுத்தமானதல்ல. அதற்கு மேலும் ஒரு சுத்திகரிப்பு வேண்டும். எங்கள் தெருவில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. மலமும் நீரும் நேரே ஊற்று மட்டத்துக்கு இறங்கின.

பாகப்பிரிவினையில் கொல்லைகள் துண்டாயின. ஒரு வீடு இருந்த மனையில் மூன்று வீடுகள் எழுந்தன; ஒவ்வொன்றுக்கும் ஒரு கிணறு, ஒரு குழி. என் வீட்டுக் குழி என் கிணற்றுக்குத் தூரமாக இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக் கிணறு அதன் அருகில் இருந்தது. அவர்களுடைய குழி எங்கள் கிணற்றை ஒட்டி வந்தது. சுவர் எழுப்பிப் பிரித்தது தரையை மட்டும்தான். கீழே தண்ணீர் பிரியவில்லை.

அப்புறம் காவிரி வந்தது. திருச்சிப் பக்கம் ஆற்றுப் படுகையில் எடுத்த தண்ணீரை ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்குக் கொண்டு வரும் 616 கோடி ரூபாய் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. குடமும் தள்ளுவண்டியுமாக அலைந்த ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தது. வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் அது தினம் 220 லிட்டர். தண்ணீரைக் கொண்டு வரக் குழாய் போட்டார்கள். அந்த 220 லிட்டர் எங்கே போகும் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. சாக்கடையும் வெட்டவில்லை. மண்ணு குடிச்சிரும் என்ற நம்பிக்கைதான் எங்கள் சாக்கடைத் திட்டம்.

நான் அப்போது பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கார்த்திகை மாதம் வந்தால் வகுப்பில் பிள்ளைகள் குறைவார்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள் காமாலை. மழையால் நீர்மட்டம் ஏறிக் குழியின் அடியைத் தொடும் மாதம் அது. கிணற்றைத் திறந்தால் ஒரு வாடை வரும். வீட்டில் அதை மழை வாடை என்று சொல்லிக்கொண்டோம்.

ஒரு வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் குப்பிகள் கிடைத்தன. சின்னக் கண்ணாடிக் குப்பி. கோடு வரை தண்ணீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். குடலில் வாழும் கிருமிகள் தண்ணீரில் இருந்தால் அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் குப்பி கறுக்கும். பிள்ளைகளை அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு வரச் சொன்னேன். குப்பிகளில் பேர் எழுதி ஒட்டி ஜன்னலோரம் வரிசையாக வைத்தோம். மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்தபோது சத்தமே இல்லை. பெரும்பாலான குப்பிகள் மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தன. ஒரு பையன் தன் பேர் எழுதிய குப்பியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றான். “எங்க கெணறு நல்ல தண்ணி டீச்சர். தேங்கா தண்ணி மாதிரி இருக்கும்” என்றான். அவன் சொன்னதும் உண்மைதான். கிருமிக்கு ருசி கிடையாது. பார்வைக்குத் தெளிந்த, நாக்குக்கு இனித்த தண்ணீர்தான் அந்தக் குப்பியைக் கறுக்க வைத்தது.

காய்ச்சிக் குடியுங்கள் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினேன். காய்ச்சினால் கிருமி சாகும். மலமும் சிறுநீரும் மணலில் சிதைந்து உண்டாகும் நைட்ரேட் காய்ச்சினாலும் போகாது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மிஞ்சினால் கைக்குழந்தையின் ரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கும். உடம்பு நீலம் பாரிக்கும். பால்பொடியைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் தாய்மாரிடம் இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியிருக்கிறது.

தண்ணீரால் வரும் சாவு எங்கள் கடற்கரைக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேற்றுமுன் காலராவுக்கும் அம்மைக்கும் அஞ்சி மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்த காலத்தை அப்பத்தா சொல்வாள். அவள் தலைமுறையினர் தண்ணீருக்குப் பயந்தார்கள். அந்தப் பயத்திலிருந்துதான் கிணற்றடிச் சட்டங்கள் வந்தன. மருந்து வந்து பயம் போனபோது சட்டமும் போய்விட்டது.

தீவின் மறுமுனையில் ராமேஸ்வரம் நகரின் கதை வேறு அளவிலானது. 2011 கணக்கெடுப்பில் 45 ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் லட்சக்கணக்கில் ஜனம் இறங்கும். வருபவர்களுக்கெல்லாம் விடுதி, விடுதிக்கெல்லாம் தொட்டி. கோயிலுக்குக் கிழக்கே உள்ள கடல்தான் அக்னி தீர்த்தம். முதலில் அங்கே முழுகி, பிறகு கோயிலுக்குள் தீர்த்தமாடுவது முறை. அந்தக் கடலில் கழிவுநீர் கலப்பது பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. மனிதர் குளிக்கும் கடல்நீரில் 100 மில்லி லிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் கிருமிகள் 100 அளவில் நிற்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் திதி கொடுக்க இமயத்திலிருந்து வருகிறவர் முழுகும் தண்ணீர் அந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் பக்தி. நகரத்துக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்து தெருக்களைத் தோண்டினார்கள். நல்லது. ஆனால் தங்கச்சிமடம், பாம்பன், அக்காள்மடம், அரியாங்குண்டு போன்ற ஊர்களின் சந்துகளுக்கு அப்படிப்பட்ட பெருங்குழாய் எப்போது வரும்?

விடுதிகளுக்கு வரும் கழிவுநீர் லாரி ஒன்று மாலையில் எங்கள் தெரு வழியாகப் போகும். ஒருநாள் அந்த ஓட்டுநரை நிறுத்திக் கேட்டேன்: “தம்பி, இத எங்க கொண்டு போய் ஊத்துறீங்க?”

அவர் கோபப்படவில்லை. “நீங்க எடம் சொல்லுங்க டீச்சர், அங்க ஊத்துறேன். எடமே இல்லன்னா நான் எங்க போவேன்?”

லாரி போன இடம் உடங்காடு. பெண்கள் விடியுமுன் போய் வந்த அதே காட்டில், அந்தி சாய்ந்த பிறகு லாரி குழாயைத் திறந்துவிட்டது. மழை பெய்தால் அது மணலில் இறங்கும்; மிஞ்சியது மன்னார் வளைகுடாவுக்குப் போகும். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவித்த கடல் அது. கழிவுநீரின் சத்து பவளத்துக்கு எமன். பாசி தழைத்துப் பவளத்தின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். 2010-லும் 2016-லும் வெப்பத்தால் வெளிறிப்போன பவளப் பாறைகள் மீண்டு வரவேண்டுமானால் தெளிந்த தண்ணீர் வேண்டும். பவளத்தில்தான் மீன்குஞ்சு வளர்கிறது. மீனில்தான் எங்கள் தெரு வாழ்கிறது.

அந்த ஓட்டுநரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. குழாய் அடைத்துக்கொண்டால் குழிக்குள் இறங்கச் சொல்லி அவருடைய உதவியாளர்களைத்தான் வீட்டுக்காரர்கள் நெருக்குகிறார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழிக்குள் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொட்டிக்குள் மூச்சு முட்டிச் செத்தவர்களின் செய்தி தமிழ்நாட்டில் இன்னும் நின்றபாடில்லை. சாகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நம் கழிவை நாம் பார்க்காமல் இருப்பதற்காக இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் உயிரைக் கொடுப்பது எந்த நாகரிகத்திலும் சேராது.

வழியே இல்லையா என்று தேடிப் போய்ப் பார்த்தேன். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்தில் நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் லிட்டர் கழிவுநீரை அங்கேயே சுத்திகரிக்கிறார்கள். முதலில் படிவுத் தொட்டி. அடுத்து, தடுப்புச் சுவர்களுக்கு இடையே மேலும் கீழுமாகத் தண்ணீர் ஏறி இறங்கிப் போகும் மூடிய தொட்டி. பிறகு செடிகள் நட்ட சரளைக்கல் படுகை. கடைசியில் வெயில் படும் குளம். அங்கே தோட்டத்துக்குப் பாயும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். திருச்சி மாவட்டம் முசிறியில் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து உரமாக்கும் கழிப்பறைகளைக் கட்டியவர் மராச்சி சுப்புராமன். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தண்ணீர் மட்டம் மேலே இருக்கும் கடற்கரைக்குப் பொருந்தும் முறை அது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி சின்னப் பேரூராட்சிதான். லாரிகள் கொண்டு வரும் கசடைப் படுகையில் உலர்த்தி உரமாக்கும் நிலையம் அங்கே இருக்கிறது. லாரிக்காரர் கேட்ட இடம் அதுதான். கழிவுநீர் லாரிகளை ஒழுங்குபடுத்தி, கசடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டுமே சேர்க்க வேண்டும் என்று தமிழக அரசு 2014-லேயே வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கிறது.

வீடு திரும்பி எங்கள் பழைய குழியை மூடினோம். தரையும் சுவரும் பூசிய மூன்று அறைத் தொட்டி கட்டினோம். அதிலிருந்து வரும் தண்ணீருக்கு அடியும் பக்கமும் அடைத்த சரளைப் படுகை ஒன்று அமைத்து, கல்வாழை நட்டோம். அதன் வேர்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன. படுகையைத் தாண்டி வரும் தண்ணீர் தென்னைக்கும் மல்லிகைப் பதியனுக்கும் போகிறது. கிருமி முற்றிலும் போன தண்ணீர் அல்ல அது. கீரைக்கோ காய்கறிக்கோ விடுவதில்லை. மின்சாரம் வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை செடியை வெட்டிவிட வேண்டும், கசடு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வாடை இல்லை. கொத்தனாரின் மகன்தான் கட்டிக் கொடுத்தார். இப்போது கேட்கிற வீடுகளுக்கு அவரே தளம் போட்டுக் கட்டித் தருகிறார்.

இருந்தும் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் இன்றும் குடிப்பதில்லை. சுற்றிலும் அடியில்லாத குழிகள் அப்படியே இருக்கின்றன. ஒரு வீடு தொட்டி கட்டினால் ஒரு கிணறு சுத்தமாகிவிடாது. தெரு முழுவதும் கட்டினால்தான் ஆகும். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். மலைக் கிராமத்தில் மேட்டில் இருப்பவர் ஊற்றுவது பள்ளத்தில் இருப்பவருக்குப் போகும். எங்கள் தீவில் மேடும் பள்ளமும் இல்லை. ஒவ்வொருவர் ஊற்றுவதும் ஒவ்வொருவருக்கும் வரும். அதனால் இதை வீட்டுக்காரர் வசதிக்கு விட்டுவிடுவது சரியல்ல. குடிநீர்க் குழாயைப் போலவே இதுவும் ஊரின் வேலை, ஊராட்சியின் வேலை, அரசின் வேலை. பத்து இருபது வீடுகளுக்கு ஒரு சரளைப் படுகை, தீவுக்கு ஒரு கசடு நிலையம் என்பது முடியாத காரியமல்ல. கடலுக்கு மேல் ரயிலை ஓட்டிக் காட்டிய தேசத்துக்கு இது கஷ்டமே இல்லை.

இந்தக் கடற்கரையில் வீடு கட்டப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வாசல் எந்தத் திசையில் என்று பார்ப்பதற்கு முன் கொத்தனாரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தொட்டிக்கு அடி உண்டா? அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக் கிணறு எவ்வளவு தூரம்? கிராம சபையில் ஒரு கேள்வி கேளுங்கள்: லாரி எங்கே போய் ஊற்றுகிறது? பதில் வரும்வரை ஒவ்வொரு சபையிலும் கேளுங்கள். மண் குடித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது குடிப்பதில்லை. வாங்கி வைத்திருந்து, நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது.